காரநூலும் அறுவைதான்: ஆயுர்வேத சல்ய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூலம், பௌத்திரம், ஆறாத புண், தீராத வலி ஆகியவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் ஆயுர்வேத மருத்துவ அன்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்தி. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் சல்ய மருத்துவம், அதாவது ஆயுர்வேத அறுவை மருத்துவம், பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் உட்கார முடியாதவர்கள், மீதிப்பேர் நடக்க முடியாதவர்கள். நம் துறையைப் பிடிக்காத யாரோ எழுதிய வசை என்று நீங்கள் இந்த மடலை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். ‘கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அறுவை இல்லை, நிரந்தரத் தீர்வு’ என்று நம் பலகைகளிலும் துண்டறிக்கைகளிலும் போட்டுக்கொள்கிறோமே, அந்த வரியை அழித்துவிடுங்கள்.

காரநூல் என்பது காரம் ஏற்றிய நூல். பௌத்திரக் குழலுக்குள், அதாவது ஆசனவாய்க்குள்ளிருந்து பக்கத்துத் தோலுக்கு வரும் சீழ்க்குழலுக்குள், அதைக் கோத்து முடிச்சுப் போட்ட கணத்திலேயே அறுவை தொடங்கிவிடுகிறது. நூலில் ஏறியிருக்கும் காரம் கெட்ட சதையை அரிக்கிறது. முடிச்சின் இறுக்கம் நல்ல சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. வெட்டு முன்னே போக, பின்னாலேயே புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ஆறு சென்டிமீட்டர் குழல் என்றால் ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. வெட்டுப்படும் சதைக்குள் மலத்தை அடக்கிவைக்கும் சுருக்குத்தசையும் இருக்கிறது. கத்தி ஒரே இழுப்பில் அறுத்தால் அத்தசையின் இரு முனைகளும் விலகி ஓடிவிடும். நூல் நிதானமாக அறுப்பதால் அவை தழும்போடு ஒட்டி நின்றுவிடுகின்றன. இந்த நிதானம்தான் காரநூலின் நுட்பம், அதன் பெருமையும் அதுதான். உடம்பில் இவ்வளவு வேலை நடக்கப்போகிறது என்பதை மறைத்து, ‘இது அறுவையே இல்லை’ என்று சொல்லி ஒருவரைப் படுக்கவைப்பது அவரை ஏமாற்றுவது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நீங்களும் உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். மூலம், பௌத்திரம், விரைவீக்கம். ஆபரேஷன் இல்லாமல் குணம். ஒரே நாளில் வீடு திரும்பலாம். அதை ஒட்டியவருக்குப் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை. ஆசனவாயில் என்னவென்று தெரியாத ஊசியைப் போட்டோ, எரிக்கிற மருந்தைத் தடவியோ அனுப்பிவிடுகிறார். சதை அழுகிய பிறகு அந்த நோயாளி நம்மிடமோ அரசு மருத்துவமனைக்கோ வருகிறார். ஐந்தரை ஆண்டு படித்து, அதன்மேல் மூன்று ஆண்டு சல்ய தந்திரம் படித்து முடித்த நாமும் அதே வாசகத்தைத்தான் கொஞ்சம் நல்ல காகிதத்தில் அச்சடிக்கிறோம். நமக்கும் அந்தச் சுவரொட்டிக்காரருக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளி எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

இந்தக் காரநூல் வித்தைக்கு அப்படிப்பட்ட விளம்பரம் தேவையும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பௌத்திரத்தை எட்டு மகா நோய்களில் ஒன்றாக வைத்தவர் ஆயுர்வேத அறுவை மருத்துவத்தின் முன்னோடியான சுசுருதர். நூலில் காரம் ஏற்றிப் புரையோடிய புண்ணை அறுப்பதை அவர் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த சக்கரபாணி தத்தரும் சொல்லியிருக்கிறார். கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் மரபினர் குதிரை மயிரும் நூலும் சேர்த்துத் திரித்து இதே நோய்க்குக் கட்டியிருக்கிறார்கள். நம்மிடையே ஏட்டோடு தங்கிவிட்ட முறையை 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவருடைய குழுவினரும் தூசி தட்டி எடுத்தார்கள். எத்தனை பூச்சு, எந்த வரிசை, எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது என்று வரையறுத்தார்கள். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே முன்வந்து, பல மையங்களில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கம் காரநூல், மறுபக்கம் வழக்கமான அறுவை என்று ஒப்பிட்டுப் பார்த்தது. 1991இல் முடிவு வெளிவந்தது. புண் ஆறுவதற்கு அறுவைக்கு 4 வாரம், காரநூலுக்கு 8 வாரம். ஓராண்டுக்குள் நோய் திரும்பி வந்தது அறுவையில் நூற்றுக்கு 11 பேருக்கு, காரநூலில் 4 பேருக்கு.

ஆயுர்வேதத்தின் எத்தனை சிகிச்சைகளுக்கு இப்படி ஒரு சான்று இருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த சான்று உடம்பின் மிகக் கூச்சமான இடத்தில் கிடைத்திருக்கிறது. பரவாயில்லை, கிடைத்ததே! ஆனால் அந்த ஆய்வு சொன்னதை முழுதாகச் சொல்ல வேண்டும். இரண்டு மடங்கு காலம் பிடிக்கும் என்பதையும் 4 சதவீதம் திரும்ப வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘நூற்றுக்கு நூறு’ என்று பலகையில் எழுதுகிறவர் அந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார், அல்லது படித்துவிட்டு மறைக்கிறார்.

நூலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இருபதாம் எண் லினன் நூல். அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, காலையில் இறக்கிய இலைக்கள்ளிப் பாலைப் பஞ்சில் தோய்த்து, நூலின் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படும்படி தடவி, உலர்த்தும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கள்ளிப்பால் நேரமானால் திரிந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நாளுக்கு ஒரு பூச்சு. கள்ளிப்பால் மட்டும் 11 பூச்சு. அதன்மேல் கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் 7 பூச்சு. கடைசியாகக் கள்ளிப்பாலும் மஞ்சள் தூளும் 3 பூச்சு. ஆக மொத்தம் 21. நாயுருவியை உலர்த்தி, எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுக்கிற காரம் அது; செடியை எப்போது பறித்தோம், எப்படி எரித்தோம் என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறும். பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் நூல் உள்ளே போகும்போதே உதிர்ந்துவிடும். புற ஊதாக் கதிரில் கிருமி நீக்கி, கண்ணாடிக் குழாயில் அடைத்து மூட வேண்டும்.

மூன்று வாரம் எடுக்கும் இந்த வேலையை நம்மில் எத்தனை பேர் இன்று செய்கிறோம்? கூரியரில் வருகிறது. தயாரித்தவர் யார், எந்தத் தேதியில், எந்தத் தொகுதி (பேட்ச்) என்று எதுவும் எழுதாத பிளாஸ்டிக் உறையில் வந்த நூலை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நகத்தால் கீறியதும் மஞ்சள் பொடி கொட்டியது. அடியில் வெறும் நூல். சாயம் தோய்த்த தையல் நூலைக் கட்டிவிட்டு, நோய் திரும்பி வந்ததும் ‘பத்தியம் இருக்கவில்லை’ என்று நோயாளியின் தலையில் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்? தொகுதி எண்ணும் உரிம எண்ணும் இல்லாத நூலைத் தொட மாட்டோம் என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் சொன்னால், விற்கிறவர்கள் ஆறு மாதத்தில் திருந்திவிடுவார்கள்.

அறுவைதான் என்று ஒப்புக்கொண்டால் அறுவைக்கு உரிய கடமைகள் எல்லாம் தாமாகவே வந்து சேரும். முதல் கடமை, நோய் இன்னதென்று அறிவது.

‘மூலம் டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறார்கள். ரத்தம் போகிறது என்கிறார்கள். கையுறை மாட்டி விரலால் பார்க்காமல், ஆசனவாய்க் குழல்நோக்கியால் பார்க்காமல், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே லேகியமும் திரிபலா மாத்திரையும் எழுதிக் கொடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். (ஆங்கில மருத்துவர்களிலும் இருக்கிறார்கள். அது அவர்களுக்கு வேறு யாராவது எழுத வேண்டிய மடல்.) மலக்குடல் புற்றுநோயும் பலருக்கு ரத்தமாகத்தான் தொடங்குகிறது. விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கட்டியை, விரல் வைக்காத காரணத்தால், ஆறு மாதம் மூலம் என்று வைத்தியம் பார்த்து வளர்த்துவிட்ட கதையை நம் ஒவ்வொருவராலும் ஒன்றாவது சொல்ல முடியும். மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருந்தால், எடை குறைந்திருந்தால், ரத்தசோகை இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று வந்திருந்தால், பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலோனாஸ்கோபி சோதனை முடியும் வரை நம் மருந்து எதையும் தொடங்கக் கூடாது. வயது குறைவு என்பது சமாதானம் ஆகாது.

பௌத்திரத்திலும் அப்படியே. சாதாரணமாக ஆசனவாய்ச் சுரப்பியில் சீழ் பிடித்துக் குழலாக மாறியதா, காசநோயா, குரோன்ஸ் எனும் குடல் அழற்சியா? நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் பௌத்திரத்தைப் பார்ப்பது அபத்தம். குழலின் சுவரிலிருந்து ஒரு துணுக்குச் சதையைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சிக்கலான குழல், முன்பே அறுத்துத் திரும்பி வந்த குழல் என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். சுசுருதர் பௌத்திரத்தை ஐந்தாகப் பிரித்தார். 1976இல் லண்டனில் ஆலன் பார்க்ஸ் என்ற அறுவை மருத்துவர், குழல் சுருக்குத்தசையை எப்படிக் கடக்கிறது என்பதை வைத்து நான்காகப் பிரித்தார். இரண்டும் தெரிந்தவர் நாம். எம்.ஆர்.ஐ. படத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வதால் சுசுருதருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

சலாகை (குழலுக்குள் விடும் மெல்லிய உலோகக் கம்பி) போடும் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழலின் வழியைத் தேடும்போது கொஞ்சம் அழுத்திவிட்டால் பொய்வழி உண்டாகிவிடும். இல்லாத குழலை நாமே போட்டுக் கொடுத்து, அதில் நூலையும் கட்டிவிடுவோம். பயிற்சிக்குச் சுசுருதர் என்ன சொன்னார்? அறுக்கப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. சலாகை போடப் பழகப் புழு அரித்த மரம், மூங்கில், நாணல், உலர்ந்த சுரைக்குடுக்கையின் வாய். புழு அரித்த மரத்தின் துளை நேராகப் போகாது, வளைந்து வளைந்து போகும். கையை இளக்கமாக வைத்திருந்தால்தான் சலாகை மறுபக்கம் வரும். அதைத் தெரிந்துதான் அந்த மரத்தை எடுத்தார். இன்றைய முதுநிலை மாணவர் எத்தனை பேர் நோயாளியைத் தொடுவதற்கு முன் எதிலாவது பழகுகிறார்கள்? சில கல்லூரிகளில் மூன்றாண்டு முடிந்தும் தனியாக ஒரு நூலைக்கூடக் கட்டாமல் பட்டம் வாங்கிப் போகிறார்கள். இது அவர்கள் குற்றமில்லை. நோயாளியே வராத கல்லூரி மருத்துவமனைகளுக்கு இடங்களை ஒதுக்கிக்கொண்டே போகும் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கடமை வலி. இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

நூல் மாற்றும் நாளைப் பாருங்கள். பழைய நூலின் முடிச்சுக்குப் பக்கத்தில் புதிய நூலைக் கட்டி, பழையதை வெட்டி இழுக்கிறோம். காரம் ஏறிய கரகரப்பான புதிய நூல் பச்சைப் புண்ணுக்குள் உரசிக்கொண்டு போகிறது. சில நொடிகள்தான். ஆனால் அந்தச் சில நொடிகளுக்காக முந்தின இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவர்கள் உண்டு; இரண்டாவது நூலோடு வராமலே நின்றுவிட்டவர்கள் உண்டு. ‘இதுகூடத் தாங்க மாட்டீர்களா?’ என்று நம்மில் சிலர் கேட்கிறோம். வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் உட்காரவைத்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி, அது வேலை செய்யும் வரை காத்திருந்து மாற்றினால் பாதி வலி போய்விடும். முதல் நூல் கட்டும்போது தகுதி பெற்ற மயக்க மருத்துவர் ஒருவரை வரவழைக்க வேண்டும். செலவு கூடும்தான். அதை மிச்சப்படுத்துவது நாம், அனுபவிப்பது நோயாளி.

வலியைப் பொறுப்பது மரபு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்திர சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு உணவு கொடு, வலி தாங்காதவனுக்குக் கடுமையான மது கொடு, மயங்கி விழாமலும் கத்தியை உணராமலும் இருப்பான் என்று எழுதிவைத்தவர் சுசுருதர். மூலம், பௌத்திரம் போன்றவற்றுக்கு மட்டும் வெறும் வயிற்றில் செய் என்று அதற்கும் விலக்குச் சொன்னார். தன் காலத்தில் கிடைத்ததை வைத்து வலியைக் குறைக்க அவர் பாடுபட்டிருக்கிறார். நம் காலத்தில் கிடைப்பதை நாம் பயன்படுத்தத் தயங்குகிறோம். நோயாளியின் ஒப்புதலுக்கும் அவரிடமே முன்மாதிரி உண்டு. கல்லடைப்புக்குக் கத்தி வைக்கும் முன், செய்யாவிட்டால் சாவு உறுதி, செய்தாலும் பிழைப்பது ஐயம், ஆகவே அரசனிடம் சொல்லி அனுமதி பெற்றுச் செய் என்கிறார். இப்போது அரசன் இல்லை, நோயாளி இருக்கிறார். ‘உங்கள் தசை இவ்வளவு வெட்டுப்படும், வாயுவை அடக்குவதில் சிரமம் வரலாம், சிலருக்கு நோய் திரும்பலாம்’ என்று அவருடைய மொழியில் அவரிடம் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

பெண்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் ஆண் மருத்துவர்களான உங்களில் பலருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பிரசவத்துக்குப் பின் ஆசனவாயில் வெடிப்பு வந்து, மலம் கழிக்கப் பயந்து, பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து, அதனால் மலம் இன்னும் இறுகி, வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிற பெண்கள் நிறையப் பேர். கணவரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘அக்கா, கொஞ்சம் கதவைச் சாத்துங்கள்’ என்றுதான் பேச்சே தொடங்கும். இவர்களில் பெரும்பாலோருக்கு நூலும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். நார்ச்சத்து, தண்ணீர், மலமிளக்கி, வெந்நீர் இருக்கை, உள்ளே நெய்யோ தைலமோ வைத்தல், இவை போதும். பிரசவத்தில் சுருக்குத்தசை ஏற்கெனவே கிழிந்து ஆறியிருக்கும் பெண்ணுக்கு, குறிப்பாக முன்பக்கக் குழலுக்கு, யோசிக்காமல் நூல் கட்டினால் ஆயுள் முழுவதும் மலக்கசிவோடு இருக்க வேண்டியதாகிவிடும். மகப்பேறு எப்படி நடந்தது என்று கேட்காமல் ஒரு பெண்ணுக்கு நூல் கட்டாதீர்கள். பரிசோதனை அறையில் ஒரு பெண் செவிலியரும் ஒரு திரைச்சீலையும் இருக்கட்டும்.

புண்களுக்கு வருகிறேன். இதில் நமக்குப் பெரிய சொத்து இருக்கிறது. புண்ணுக்கு அறுபது உபக்கிரமங்களை, அதாவது சிகிச்சை முறைகளை, சுசுருதர் வகுத்தார்; கழுவுதலும் கட்டுதலும் மட்டுமா, ஆறிய தழும்புக்குப் பழைய நிறத்தைக் கொண்டுவருவதும் உதிர்ந்த மயிரை முளைக்கச் செய்வதும்கூட அந்தக் கணக்கில் உண்டு. ஆனால் இன்று நம்மிடம் வரும் புண்ணில் பெரும்பகுதி சர்க்கரைப் புண். மதுமேகம் உள்ளவனின் புண் ஆறுவது கடினம் என்று அவரே சொல்லிவைத்திருக்கிறார்.

சர்க்கரை நோயாளி ஒருவர் காலை நீட்டி உட்காருகிறார். பெருவிரலின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி, சுற்றிலும் காய்ப்பு, நடுவில் மஞ்சள் சதை. வலியே இல்லை என்கிறார். வலி இல்லை என்பதுதான் பயம், நரம்பு செத்திருக்கிறது. இளஞ்சூட்டுத் திரிபலா கஷாயத்தால் கழுவுவது, கெட்ட சதையை எடுப்பது, ஜாத்யாதி தைலம் தோய்த்த துணி வைப்பது எல்லாம் நமக்குக் கைவந்தவை. ஒழுங்காகச் செய்தால் சிவந்த புதுச்சதை வருவதையும் பார்த்திருக்கிறோம். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கத் தெரிந்த நாம், பாதத்தின் மேற்புறத்தில் ஒரு விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்க்கிறோமா? அங்கே துடிப்பு இல்லையென்றால் காலுக்கு ரத்தம் போகவில்லை. அந்தப் புண்ணில் எந்தத் தைலத்தை ஊற்றியும் பயனில்லை. அன்றைக்கே ரத்தநாள மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சலாகை நுனி எலும்பில் ‘டக்’கென்று தட்டினால் எலும்புக்குள் சீழ் போயிருக்கிறது. காய்ச்சல் இருந்தால், பாதம் வீங்கிச் சிவந்திருந்தால், கறுத்த விரல் இருந்தால், நம் வாசலில் அவர் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. இன்சுலினை நிறுத்திவிட்டு நம் கஷாயத்தை மட்டும் குடிக்கச் சொல்லும் சிலர், காலை இழக்கவைக்கிறார்கள். சில சமயம் ஆளையும். புண்ணின் மேல் பாரம் விழாதபடி செருப்பை மாற்றித் தருவது எந்தத் தைலத்தையும்விடப் பெரிய மருந்து. எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்யும் கடை முகவரி ஒன்று உங்கள் மேசையில் இருக்கட்டும்.

தீராத வலியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. குதிகால் வலிக்குச் சூடேற்றிய உலோகச் சலாகையால் சுடுவதும், மூட்டு வலிக்கு அட்டை விடுவதும், முழங்காலில் மாவு வரம்பு கட்டித் தைலம் நிறுத்துவதும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. (சித்தத்தில் முப்பத்திரண்டு புற மருத்துவங்களில் சுட்டிகை, அட்டைவிடல், காரம் என இவை வேறு பெயர்களில் உள்ளன, சித்த மருத்துவ நண்பர்களும் இந்த மடலைத் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம்.) ஜெர்மனியில் 2003இல் 51 முழங்கால் தேய்மான நோயாளிகளிடம் அட்டையையும், 2018இல் 151 பேரிடம் ஆயுர்வேதக் கூட்டுச் சிகிச்சையையும் சோதித்து, நல்ல பலன் கண்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் எந்தச் சிகிச்சை தனக்கு நடக்கிறது என்று நோயாளிக்குத் தெரிந்தே நடந்த ஆய்வுகள் அவை. எதிர்பார்ப்பு எவ்வளவு வேலை செய்தது, அட்டை எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. ‘வலியைக் குறைக்கிறது’ என்று சொல்லுங்கள். ‘தேய்ந்த எலும்பை வளர்க்கிறது’ என்று சொல்லாதீர்கள்.

அட்டையில் மட்டும் சுசுருதருக்கு மாறாக நடந்துகொள்ள வேண்டும். அதே அட்டையைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது அவர் காலத்து விதி. மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் உள்ள காலத்தில் ஓர் அட்டை ஒருவருக்குத்தான், அதன்பின் அதை அழித்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு அட்டையே வேண்டாம்.

இன்னொன்று, பெயர் சொல்லாத பொட்டலப் பொடி. மூன்று நாளில் மூட்டு வலி பறந்துபோனால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். முகம் நிலாவாக ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து வருகிறவர்களை நாம் பார்க்கிறோம். ‘ஆயுர்வேத மருந்துதான் சாப்பிட்டேன்’ என்கிறார்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கி அமெரிக்காவில் சோதித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அதைச் சதி என்று சொல்லி முடித்துக்கொண்டோம். வலிக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்கிற நாம் ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைச் சான்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

2020 நவம்பரில் சல்ய, சாலாக்கிய (கண், காது, மூக்கு, தொண்டை) முதுநிலை மருத்துவர்கள் 39ம் 19மாக மொத்தம் 58 சிகிச்சைகளைச் செய்யலாம் என்று அப்போது இருந்த இந்திய மருத்துவத்துக்கான மத்திய கவுன்சில் அறிவித்ததும், அதை எதிர்த்து ஆங்கில மருத்துவர்களின் இந்திய மருத்துவச் சங்கம் டிசம்பர் 11இல் வேலைநிறுத்தம் செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ‘கத்தி எங்கள் உரிமை’ என்று நாம் கொடி பிடித்தோம். சரி, உரிமைதான். சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது ‘நாங்கள் அறுவை மருத்துவர்கள்’ என்றும், நோயாளியிடம் வரும்போது ‘இது அறுவையே இல்லை’ என்றும் ஒரே வாயால் எப்படிச் சொல்கிறோம்?

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒரு நீளமான பதிவேடு வாங்குங்கள். ஒவ்வொரு பௌத்திர நோயாளிக்கும் ஒரு வரி: குழல் எந்த வகை, எத்தனை சென்டிமீட்டர், துணுக்குச் சோதனை என்ன சொன்னது, எந்தத் தொகுதி நூல், எத்தனை நூல், எத்தனை வாரத்தில் ஆறியது, நூல் மாற்றும்போது வலி பத்துக்கு எத்தனை, ஆறிய பின் வாயுவோ மலமோ கசிகிறதா. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஓராண்டு கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு நிரப்புங்கள். திரும்பி வராதவர்களை எல்லாம் குணமானவர் கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர்களில் சிலர் வேறு மருத்துவமனையில் படுத்திருப்பார்கள். நோயாளியின் பெயர் இல்லாமல் இந்த ஏடுகளை ஆண்டுக்கொருமுறை ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்ப்போம். முடிவு நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுவோம். 1991இன் ஓர் ஆய்வையே இன்னும் எத்தனை காலத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பது?

தேசிய ஆணையத்துக்கு இரண்டு வரி. முதுநிலைத் தேர்வுக்கு முன் மாணவர் தனியாகக் கட்டிய நூல்களின் ஏட்டைக் கேளுங்கள். ‘அறுவை இல்லை’, ‘நூறு சதவீதம்’ என்று விளம்பரம் செய்யும் பதிவுபெற்ற மருத்துவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

என் மருத்துவமனையின் பலகையில் இப்போது ‘மூலம், பௌத்திரம், வெடிப்பு: பரிசோதனையும் சிகிச்சையும்’ என்று மட்டும் இருக்கிறது. பதிவேட்டின் மாதிரிப் படிவம் ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்குப் பின் நாகர்கோவிலில் ஒருநாள் கூடி அதைத் திருத்தி முடிக்கலாம் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் தங்கள் நூலில் ஒரு குழாயும், கடந்த ஆண்டின் நோயாளிக் குறிப்புகளும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு சல்ய மருத்துவர்